ஆயாம்மாக்களுக்கும் நாற்காலி போட்ட கூட்டம்

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் முதுகுவலி எல்லாருக்கும் வரும். அதைவிடப் பெரிய வலி, யாரை எப்படித் தூக்குவது என்று தூக்காதவர்கள் உட்கார்ந்து முடிவு செய்வது.

நீங்கள் துணிக்கடையில் நிற்பவராக இருக்கலாம், பெட்ரோல் பங்கில் குழாய் பிடிப்பவராக இருக்கலாம். உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். மேலே யாரோ ஒன்றை முடிவு செய்வார்கள். அது நம் தலையில் வந்து விழும்போதுதான் நமக்குத் தெரியும். என் கதையும் அதேதான். நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஏன் நின்றாய் என்று கேட்காதீர்கள். பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இண்டூரிலிருந்து பஸ் ஏறி தர்மபுரி வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி அதியமான்கோட்டைப் பக்கம் இறங்கினால் எங்கள் முதியோர் ஹோம். மாடியில் ஆண்கள், கீழே பெண்கள். நான் கீழே.

பதினெட்டு வயது ஆயாம்மா

கழுத்தில் தொங்கும் அட்டையில் என் வேலைக்கு கேர்கிவர் என்று போட்டிருக்கிறார்கள். அந்த அட்டையை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. வருகிறவர்களுக்கு நாங்கள் எல்லாரும் ஆயாம்மா. என்கூட வேலை பார்க்கும் சரோஜாக்காவுக்கு நாற்பத்தைந்து தாண்டியிருக்கும், பல வருஷமாக இங்கே இருப்பவர். அவரைச் சொன்னால்கூடப் போகட்டும். எனக்குப் பதினெட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தலை முழுக்க நரைத்த ஒருவர் இங்கே தங்கியிருக்கும் தன் அக்காவைப் பார்க்க வந்தார். வாசலில் நின்று “ஆயாம்மா!” என்றார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இட்லி ஒன்றரைக்கு மேல் இறங்கவில்லை, இடது காது வலிக்கிறது என்று தலையணையை மாற்றி மாற்றி வைக்கிறார், நீங்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நீங்கள் வரவில்லை. கடைசியாகச் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அது உண்மை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு சொன்னார்:

“சரிம்மா, யாராச்சும் விவரம் தெரிஞ்சவங்க இருந்தா வரச்சொல்லு.”

டீயோடு உள்ளே, தட்டோடு வெளியே

புதன்கிழமைதோறும் டாக்டர் வருவார். ஹோமை நடத்தும் நர்ஸ் நிர்மலா மேடம், உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ சார், டாக்டர் மூன்று பேரும் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுவார்கள். யாருக்கு என்ன சாப்பாடு, யாரை எந்தக் கட்டிலுக்கு மாற்றுவது, எல்லாம் அங்கேதான். நாங்கள் டீ கொண்டுபோவோம். நாங்கள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினால் மறுபடியும் தொடங்கும்.

அப்படித்தான் ஒருமுறை எல்லாருக்கும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே குளியல் என்று முடிவாகி வந்தது. மார்கழி மாதம். வெந்நீர்தான், ஆனாலும் துண்டை எடுத்ததும் உடம்பு நடுங்கும். ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா பல் கிடுகிடுக்க என்னைக் “கொலைகாரி” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதை முடிவு செய்தது நானில்லை, போய் டாக்டரைச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டேன். சரோஜாக்கா என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு சொன்னார்:

“குளிப்பாட்டச் சொன்னவரு கார்ல ஏறிப் போயிட்டாரு. தண்ணி ஊத்தற கைதான் அவங்க கண்ணுக்குத் தெரியும், வுடு.”

சமையல்கட்டில் நடந்த கூட்டம்

எங்களோடு இருந்த கேர்கிவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டு நின்றார்கள். ஏன் என்று மேடம் கேட்டால் “வூட்ல சௌரியப்படலீங்க” என்பார்கள். அது பொய் என்று மேடமுக்கும் தெரியும். ஒரு புதன்கிழமை ஆபீஸ் ரூமில் கூடுதலாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. மேடம் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

நான் உட்கார்ந்தேன். சரோஜாக்கா என் தோளில் கிள்ளினார். எழுந்து அவர் பக்கத்தில் சுவரோரம் நின்றேன். டாக்டர் “உக்காருங்கம்மா” என்றார். “பரவால்லீங்க சார், பழகிடுச்சு” என்றார் அக்கா. ஓர் அம்மா இரவில் தூங்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் என்று பேச்சு வந்தது. பகல் தூக்கத்தை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். எங்களைக் கேட்டார். “நீங்க சொன்னா சரிங்க சார்” என்றார் அக்கா. நானும் அதையே சொன்னேன். பிசியோ சாரும் அதையே கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னார்.

வெளியே வந்து சமையல்கட்டுக்குள் போனதும் அக்கா வெடித்தார். பகலில் படுக்க விடாவிட்டால் அந்த அம்மா தட்டை எடுத்து வீசும், யாருக்கு அடிபடும், டாக்டருக்கா? நான் அதற்கு மேல் பேசினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரரும் சேர்ந்துகொண்டார். உள்ளே நடந்ததைவிட இது நல்ல கூட்டமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் மேடம் வாசற்படியில் நிற்கிறார். எங்களுக்கு உயிரே போய்விட்டது. அவர் திட்டவில்லை.

“இவ்வளவும் இங்க சொல்லி என்ன சரோஜா? சமையல்கட்டுல டாக்டர் இல்லியே” என்றார்.

கடைசியில் சேர்ந்தவள் முதலில்

அடுத்த புதன்கிழமை மேடம் ஒரு சட்டம் போட்டார். இந்த ஹோமுக்குக் கடைசியில் வந்தவர் முதலில் பேச வேண்டும். அப்படியே மேலே போய் டாக்டர் கடைசியில் பேச வேண்டும். “நீங்க சொன்னா சரி” என்று யாரும் சொல்லக் கூடாது. நின்றுகொண்டும் பேசக் கூடாது. டாக்டருக்கு இது பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் சேர்ந்தவள் நான்தானே.

முதல் விஷயமே ருக்மணி அம்மா, கமலா அம்மா சண்டை. இருவருக்கும் ஒரே அறை. ஒருவர் ஃபேனைப் போடுவார், மற்றவர் நிறுத்துவார். நாள் முழுக்க இதுதான். அந்தச் சுவிட்சுக்கும் எனக்கும் ஒரு பந்தமே வந்துவிட்டது. இரண்டு பேரையும் பிரித்துவிடுங்கள் என்று பட்டென்று சொன்னேன். சரோஜாக்கா, பிசியோ சார், மேடம் எல்லாரும் சரி என்றார்கள். டாக்டரும் சரி என்றார். நான் சொல்லி ஒன்று நடக்கிறது! அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

பிரித்தோம். அந்த வாரம் முழுக்க இருவரும் தட்டை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். காய்ச்சல் இல்லை, வயிற்றுக்கோளாறு இல்லை. புது அறையில் ஃபேன் ருக்மணி அம்மா இஷ்டத்துக்கு ஓடுகிறது, அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று நான் கெஞ்சியபோது சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“சண்ட போட ஆளில்லாம சோறு எப்படிடி எறங்கும்?”

பெல்ட்டும் சரோஜாக்காவின் இடுப்பும்

இனி வருவதெல்லாம் மும்தாஜ் அம்மா சம்பந்தப்பட்டது. மாரண்டஹள்ளி, பாலக்கோடு, பாப்பாரப்பட்டி என்று சந்தை சந்தையாகப் போய் வளையல் விற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் ஓசூரில் கம்பெனி வேலை. ஹோமுக்கு வந்த நாளிலிருந்து அவரை உட்கார வைப்பதுதான் கஷ்டம். முழங்கால் இரண்டும் போய்விட்டது, ஆனாலும் வாக்கரை இழுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போவார். கேட்டுக்கு வெளியே ரோடு தெரியும். பஸ் போகும். அதைப் பார்த்துவிட்டு வருவார். யாரையும் கூப்பிட மாட்டார். ஒருநாள் பாத்ரூம் வழியில் விழுந்தார். நல்லவேளை, அடி இல்லை.

சக்கர நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார வைக்கலாமா என்பதுதான் அந்தப் புதன்கிழமைக் கேள்வி. அந்தப் பெல்ட் இடுப்பைச் சுற்றி வந்து முதுகுப் பக்கம் மாட்டும். உட்கார்ந்திருப்பவர் தானாகக் கழற்ற முடியாது. ஒருநாள் விளையாட்டாக நான் அதில் உட்கார்ந்து சரோஜாக்காவை மாட்டச் சொல்லியிருக்கிறேன். அவர் மாட்டிவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் சொல்லி, பெல்ட் வேண்டாம் என்றேன்.

அடுத்தது சரோஜாக்கா. “பெல்ட் போடுங்க சார். அவங்க விழுந்தா தூக்கறது நானு. என் இடுப்பு போயிடுச்சு. நாங்க ரெண்டு பேரு, கீழ எத்தினி பேரு கெடக்கறாங்க? ஒருத்தரப் பாத்தா ஒருத்தர் விழறாங்க.” அவர் சொன்னதும் பொய்யில்லை. எனக்கு அவர்மேல் கோபம், அவருக்கு என்மேல் கோபம். நடையை நிறுத்தினால் கால் மொத்தமாகப் போய்விடும் என்றார் பிசியோ சார். மேடம் இரண்டு பக்கமும் பேசினார். கடைசியில் டாக்டர் பெல்ட் வேண்டாம், எழும்போது நம்மைக் கூப்பிடச் சொல்லுங்கள், யாராவது பக்கத்தில் இருங்கள் என்றார். சரோஜாக்கா உதட்டைப் பிதுக்கினார். சரி என்றார்.

நான் ஓடிப்போய் மும்தாஜ் அம்மாவிடம் சொன்னேன். ஏதோ நானே ஜெயித்துக் கொடுத்த மாதிரி. அவர் கையிலிருந்த வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என் கால்ல நான் நடக்கறதுக்கு, நீங்க கதவச் சாத்திக்கிட்டு பேசினீங்களாக்கும்?”

மேடம் சொன்னாங்க

அவர் மறுபடியும் விழுந்தார். என் டியூட்டியில். நான் உள்ளே ஒருவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டு வர முடியாத வேலை, உங்களுக்குப் புரியும். அவர் கூப்பிட்டாராம், நான் “இதோ” என்றேனாம். அந்த இதோவுக்குள் அவர் எழுந்துவிட்டார். புருவத்தில் தையல், மணிக்கட்டு வீக்கம். எலும்பு முறியவில்லை. அந்தத் தரையை நான்தான் துடைத்தேன்.

மகன் ஜாவித் மறுநாளே ஓசூரிலிருந்து வந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஹாலுக்கு வந்து, “பெல்ட் போடலாம்னு இருந்தீங்களாமே. வேணாம்னு முடிவு பண்ணது யாரு?” என்று கேட்டார். இந்த மாதிரிக் கேள்விக்கு எங்களிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். மேடம் சொன்னாங்க. அவ்வளவுதான், அதற்குப் பிறகு எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த முறை அதைச் சொல்ல முடியாது. சரோஜாக்கா நினைத்திருந்தால், நான் அப்பவே சொன்னேன், இவதான் கேக்கல என்று என்னைக் காட்டியிருக்கலாம். அது உண்மையும்கூட.

“நாங்கதாங்க. எல்லாரும் உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணோம்” என்றார் அக்கா.

ஜாவித் எங்கள் இரண்டு பேரையும் கால் முதல் தலை வரை பார்த்தார்.

“ஆயாம்மாங்க சேந்து முடிவு பண்ற எடத்துலயா எங்கம்மாவ வுட்டு வெச்சிருக்கேன்?”

வளையல்காரம்மா பேரம்

அந்தப் புதன்கிழமை ஜாவித்தும் வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னது தெளிவாக இருந்தது. பெல்ட் போட வேண்டும். முடியாது என்றால் அம்மாவை ஓசூருக்குக் கூட்டிப்போய்விடுவார். அங்கே அவரும் மனைவியும் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். மாடி வீடு. பகல் முழுக்க வெளியே பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். “வேற வழி இல்லீங்க மேடம், நான் என்ன பண்ணட்டும்?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேடம் என்னைப் பார்த்தார். நான்தான் முதலில். பெல்ட் வேண்டாம் என்று சொல்லி, அடுத்த தடவை இடுப்பெலும்பு உடைந்தால்? பெல்ட் போடுங்கள் என்றால், தினமும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அதை மாட்டப்போவது யார்? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். சொன்ன பிறகுதான் ஒன்று தோன்றியது. “மேடம், நான் கடைசியா வந்தவ இல்லீங்க. எனக்கப்புறம்தான் மும்தாஜ் அம்மா வந்தாங்க. உங்க சட்டப்படி அவங்கதான மொதல்ல பேசணும்?”

பிசியோ சார் சிரித்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்க்காமல் மேடமைப் பார்த்தார். மேடம் எழுந்துபோய் அவரே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மும்தாஜ் அம்மா உள்ளே வந்ததும் முதலில் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். புருவத்தில் பிளாஸ்திரி. மகனைப் பார்த்து, “சாப்டியாடா?” என்றார். அப்புறம் சந்தையில் கடை விரித்த மாதிரி ஆரம்பித்தார். “பெல்ட்டு வேணாம். அது மொதல்லயே சொல்லிட்டேன். காலைல கால் நல்லா இருக்கும், ஒருக்கா கேட் வரைக்கும் போவணும். சாயங்காலம் கால் கனத்துப்போவும், நானே உக்காந்துக்கறேன்.”

“எழும்போது கூப்பிடணும். கூப்பிட்டுட்டு எழக் கூடாது, வர்ற வரைக்கும் உக்காரணும்” என்றார் சரோஜாக்கா. “வருவீங்களா?” என்றார் மும்தாஜ் அம்மா. “வருவோம்.” “இதோ இதோன்னு சொல்லிக்கிட்டே இருப்பாளே இவ.” எனக்குக் காது சூடாகிவிட்டது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் ஒருவரை நிறுத்துவேன், அவரை வேறு எதற்கும் கூப்பிட மாட்டேன் என்றார் மேடம். பிசியோ சார் காலை நடை வாக்கரோடுதான் என்றார். “அது இருக்கட்டும், அது நல்ல ஜோடிதான்” என்று மும்தாஜ் அம்மா விட்டுக்கொடுத்தார். பாத்ரூமுக்குத் தனியாகப் போவதை மட்டும் கடைசி வரை விடவில்லை. அதில் சரோஜாக்காவும் விடவில்லை. இரண்டு பேரும் பேசிப் பேசி, கதவு வரை சரோஜாக்கா, கதவுக்கு உள்ளே அவர் என்று முடிந்தது. டாக்டர் முறை வந்தபோது, “எனக்கு ஒண்ணும் மிச்சம் வெக்கலியே” என்றார்.

ஜாவித் மட்டும் தலை நிமிரவில்லை. “அம்மா, மறுபடியும் விழுந்துட்டா?” என்றார், சின்னப் பையன் மாதிரி. அவர் கை நீட்டி மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

“விழுந்தா வந்து தூக்கறாங்க. கட்டிப் போட்டா, என்னைத் திரும்பிப் பாக்கக்கூட யாருடா வருவாங்க?”

கேட் வரைக்கும்

ஓசூருக்குப் போகவில்லை. ஜாவித் பெல்ட் வேண்டாம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவர் நம்பரைக் கொடுத்தார். விழுந்தால் மட்டுமில்லை, நடந்தாலும் கூப்பிடு என்றார். நான் கூப்பிடுகிறேன். பெரும்பாலும் எடுக்க மாட்டார், மீட்டிங்கில் இருப்பார்.

மும்தாஜ் அம்மா இன்னொரு தடவை விழவும் பார்த்தார், கேட்டுக்குப் பக்கத்தில். நான் பிடித்துவிட்டேன். முழுதாகப் பிடித்தேன் என்று சொல்ல முடியாது, இரண்டு பேருமாக மெதுவாகத் தரையில் உட்கார்ந்தோம். வாட்ச்மேன் ஓடிவந்தார். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒரு ஓசூர் பஸ் போவதைப் பார்த்துவிட்டு எழுந்தோம். சரோஜாக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து தூக்கினார், வழியெல்லாம் என்னைத் திட்டினார். அடுத்த கூட்டத்திலும் பெல்ட் என்றே சொன்னார். சொல்லட்டும், அவர் முறை அது.

எனக்கு இப்போது ஹாலில் ஒரு புதுப் பெயர் இருக்கிறது. காலைச் சாப்பாடு முடிந்து தட்டை எடுக்க நான் கொஞ்சம் தாமதித்தால் போதும், வாக்கரைத் தரையில் தட்டி மும்தாஜ் அம்மா ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார்:

“முடிவு பண்ணவளே, எங்கடி போன?”

முன்னெல்லாம் வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூக்கம் வரும். எங்களையும் கேட்டு முடிவு செய்ய ஆரம்பித்ததிலிருந்து இண்டூர் வரும் வரைக்கும் யோசனைதான் வருகிறது.